மரத்தூள் நாற்காலி

செப்டம்பர் 12, முகாம்

ரீஹாம் அக்காவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். பொய்தான். இருந்தாலும் சொல்.

இதைக் கொண்டுவருகிறவன் அபனூப். கஃப்ர் ஸாத் ஊர்க்காரன், என் கூடாரத்தில் பக்கத்துப் படுக்கை. அவனுக்கு லீவு உண்டு, எனக்குக் கிடையாது. காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த போன் நான்காம் நாளே அகப்பட்டுவிட்டது. "யாருடா, காதலியா?" என்றார் சார்ஜெண்ட். "இல்ல சார், ஃபேண்டஸி டீமு" என்றேன். காதலி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாராம். நோன்புப் பெருநாள் வரை லீவை வெட்டிவிட்டார். கூடாரத்துக்கு ஒரு பொத்தான் போன் இருக்கிறது. அதில் பேசினால் பதினாறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவோடு பேசலாம், அணியைப் பற்றிப் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

இனிமேல் அணி உன் கையில். நீ புத்தகத்தைவிட்டுத் தலை தூக்காதவள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்து லீகில் நிஜமாக ஆடுகிறவர்களிலிருந்து, கொடுத்த விலைக்குள் அடங்கும்படி பதினைந்து பேரைப் பொறுக்கியிருக்கிறேன். பதினொருவர் களத்தில், நால்வர் பெஞ்சில்; களத்தில் உள்ளவன் ஆடாவிட்டால் பெஞ்சில் இருப்பவன் புள்ளி சேரும். அங்கே அவர்கள் கோல் போட்டால் இங்கே எனக்குப் புள்ளி. கேப்டன் ஆக்கியவனுக்கு இரட்டிப்பு. வாரம் ஒருவனை மாற்றலாம், ஆட்டம் தொடங்குமுன் கெடு முடிந்துவிடும். நம் வீட்டுக்குக் கீழே முஅல்லிம் ராகிப் நடத்துகிற காப்பிக் கடையில் இப்படிப் பதினான்கு அணிகள். இதெல்லாம் பால்கனியில் நின்று நீயே கேட்டிருப்பாய்.

ஹஸனைனைத் தொடாதே. இஸ்பத் அல்-புர்க் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை இங்கிலாந்தில் பந்து உதைக்கிறான். தமியாத்தில் அவன் இல்லாத அணி கிடையாது. ஒவ்வொரு வாரமும் கேப்டன் அவன்தான். மற்றவர்களையும் நான் எழுதினால் மட்டும் மாற்று. கடைசியாக, அணியை நீ பார்க்கிறாய் என்று என் நண்பன் பாஸிமைத் தவிர ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பெயர்களைச் சீட்டில் எழுதி, பால்கனியிலிருந்து கூடையில் இறக்கு. பாஸிம் எடுத்து, நான் போனில் சொன்னதாகப் படிப்பான்.

ஆகஸ்டில் முடி வெட்டுகிற உஸ்தா ஷஃராவி அணிகளை எடை போட்டபோது என்னுடையதற்குத் தேக்கு கிடைத்தது. அதைக் காப்பாற்று. மரத்தூள் வாங்குகிறவன் அடுத்த எடை வரை, டிவித் திரைக்கு முதுகைக் காட்டி, எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

பாஸ்வேர்டு கடைசித் தாளில். மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துவிடு.

ஹாஸிம்


அக்டோபர் 3, தமியாத்

ஹாஸிம்,

அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை. டப்பாவில் மிஷப்பிக் இனிப்பு இருக்கிறது. அபனூப்புக்குப் பாதி. தராமல் தின்றாயானால் அடுத்த கடிதம் வராது.

மூன்று வாரமாகப் பெரும்பாலும் நீ சொன்னபடியே நடந்தேன். ஹஸனைன் கேப்டன். சீட்டு கூடையில். பாஸிம் அதை எடுத்து, "ஹாஸிம் ராத்திரி போன்ல சொன்னான்" என்று கூசாமல் புளுகுகிறான். நான் மேலே துணி உலர்த்திக்கொண்டே கேட்கிறேன்.

உன் அணிக்கு ஷஃராவி கொடுத்தது தேக்கு. பட்டியலில் நீ இருப்பதோ பதினான்கில் ஒன்பதாவது. இரண்டும் ஒரே அணியைப் பற்றியவைதாம் என்று கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? முடி வெட்டுகிற மனிதர், கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பெயர்களைப் படிக்கிறார். பெரிய பெயருக்கு எல்லோரும் "அல்லாஹ்!" என்கிறார்கள். "அல்லாஹ்" அதிகம் விழுந்த அணி தேக்கு, குறைந்தது பீச், இன்னும் குறைந்தது ஒட்டுப்பலகை, ஒன்றுமே விழாதது மரத்தூள். மரச்சாமான் செய்கிற ஊரில் மரத்தை மேல் பாலிஷைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். பட்டறையில் மரம் இழைக்கிற அப்பா கேட்டால் அழுவார்.

துறைமுகத்தில் எனக்கு என்ன வேலை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கோதுமைக் கப்பல் வந்தால் நான் மேலாக ஒரு பிடி எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. நீளக் குத்தூசியை அடிவரை இறக்குவேன். நடுவில் ஒன்று, மூலைகளில் ஒன்று. மேலே தங்கமாக மின்னும். ஈரமும் வண்டும் அடியில்தான் இருக்கும்.

உன் அணியிலும் இறக்கினேன். பெஞ்சில் நான்கு பேர். ஒருவனுக்குப் போன மார்ச்சில் முழங்கால் போனது, இன்னும் திரும்பவில்லை. ஒருவன் துருக்கிக்கு ஆடப் போய்விட்டான். ஒருவன் மாற்று கோல்கீப்பர், அவன் முகத்தை அவன் கிளப்பே மறந்திருக்கும். நான்காமவன் மட்டும் எப்போதாவது பத்து நிமிடம் ஆடுகிறான். களத்தில் உள்ளவனுக்குக் காய்ச்சல் வந்தால் உனக்கு ஆள் இல்லை. உன் அணி அம்மாவின் நீஷ் அலமாரி. கண்ணாடிக்குப் பின்னால் தங்க விளிம்புக் கோப்பைகள், இருபத்தேழு வருடமாக ஒரு வாய் தேநீர் அதில் யாரும் குடித்ததில்லை.

இரண்டு வாரத்தில் இருவரை மாற்றிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டுப் பதில் வர மூன்று வாரம் ஆகும், கெடு சனிக்கிழமை.

யாருக்கும் தெரியக் கூடாது என்கிறாய். சரி. ஆனால் போன சனிக்கிழமை, நான் வாங்கிப் போட்டவன் கோல் போட்டதும் கடையில் ஒருவர் "ஹாஸிமுக்குக் கண்ணுடா!" என்றார். கையில் ஈரத் துணியோடு நின்றேன். அந்தக் கண் யாருடையது என்று பால்கனியிலிருந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

ரீஹாம்


அக்டோபர் 24, முகாம்

அக்கா,

பெஞ்ச் என்பது பெஞ்ச். அதில் யார் இருந்தால் என்ன? ஆடாதவனுக்கு விலை கொடுத்தால் ஆடுகிறவனுக்கு விலை எங்கிருந்து வரும்? கோதுமை பார்க்கிற கண்ணால் பந்தைப் பார்க்காதே.

மாற்றியது மாற்றியதாக இருக்கட்டும். இனிமேல் ஒரு விரல் படக் கூடாது. கடையில் கத்தவேண்டும்போல் இருந்ததா? நன்றாக இருக்கும். ஹாஸிமின் அணியை அவன் அக்கா நடத்துகிறாளாம் என்று நான் கிழவனாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

மிஷப்பிக்கில் பாதி கொடுத்தேன். அபனூப் பொய் சொன்னால் நம்பாதே.

ஹாஸிம்


ஜனவரி 5, தமியாத்

ஹாஸிம்,

அபனூப் கோப்டிக் கிறிஸ்துமஸுக்கு, ஏழாம் தேதிக்கு, வந்திருக்கிறான். திரும்பும்போது இதைக் கொண்டுவருவான். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

ஹஸனைனை விற்றுவிட்டேன்.

இரண்டு காரணம். பதினான்கு அணியிலும் அவன் இருக்கிறான், பதினான்கிலும் கேப்டன். அவன் இரண்டு கோல் போட்டால் பதினான்கு பேருக்கும் ஒரே அளவு ஏறுகிறது. போடாவிட்டால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லாமல் போகிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே கல்லை வைத்துவிட்டு எந்தத் தட்டு கனம் என்று வருடமெல்லாம் சண்டை போடுகிறீர்கள். அந்தக் கல்லுக்குத்தான் அணியிலேயே பெரிய விலை. அதை எடுத்துவிட்டு வேறு நல்லவன் ஒருவனை வாங்கினேன், மிஞ்சிய விலையில் அடுத்த வாரம் பெஞ்சுக்கும் ஒருவனை வாங்குவேன்.

அடுத்தது. இந்த வாரம் அவன் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போகிறான். நாடு ஜெயித்துக்கொண்டே போனால் ஒரு மாதம் இங்கிலாந்தில் ஆட மாட்டான். ஆடாதவனுக்குப் புள்ளி இல்லை. இது காப்பிக் கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பதின்மூன்று பேரும் அவனை அப்படியே வைத்திருக்கிறார்கள். "நாட்டுக்கு ஆடப் போனவன எவனாவது விப்பானா?" என்று ஷஃராவி கேட்டார். பால்கனிவரை கேட்டது. ஒரு மாதம் பத்து பேரோடு ஆடப் போகிறார்கள், பெருமையாக.

இன்று சீட்டு கூடையில் இறங்கியது. பாஸிம் பாதி படித்து நிறுத்திவிட்டான். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஹஸனைன் இருப்பான் என்று நினைத்திருக்கிறான். பிறகு கடை முழுவதும் ஒரே சத்தம். வரும் வெள்ளி நடுப் பருவ எடை போடுகிறார்கள். உன் அணிக்கு மரத்தூள் என்று இப்போதே முடிவாகிவிட்டது.

நீ கோபப்படுவாய். கோபம் தீர்ந்த பிறகு மேலே இருக்கும் பத்தியை மறுபடி படி. தப்பு இருந்தால் எங்கே என்று எழுது. "ஊர்" என்று எழுதாதே.

ரீஹாம்


ஜனவரி 10, முகாம்

ரீஹாம்,

ஊர்! ஊர்! ஊர்! எழுதிவிட்டேன், என்ன செய்வாய்?

அந்தக் கடையில்தான் நான் திரும்பி வந்து வாழவேண்டும். என் முகத்தை நீ தரையில் தேய்த்துவிட்டாய். ஹஸனைனின் சித்தப்பா மகனோடு நான் ஒரே வகுப்பில் படித்தேன். அவர்கள் வீட்டு ரொட்டியும் உப்பும் என் வயிற்றில் இருக்கிறது. அவனை விற்றவன் என்று என்னைச் சொல்வார்கள். உன்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நீ இல்லை. அந்த இடத்தில் நீ கிடையவே கிடையாது.

வெள்ளிக்கிழமைக்குள் அவனைத் திரும்ப வாங்கு. பாஸ்வேர்டைப் பாஸிமிடம் கொடுத்துவிடு. நீ உன் கோதுமையைப் பார்.

இதை ஸகாஸிக் ஊர்க்காரன் ஒருவன் வெளியே போகும்போது தபாலில் போடுவான்.

ஹாஸிம்


ஜனவரி 21, தமியாத்

ஹாஸிம்,

உன் கட்டளை நேற்றுத்தான் கைக்கு வந்தது. எடை போட்டு எட்டு நாள் ஆகிறது. முன்னாலேயே வந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீ இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதிலாக நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

பன்னிரண்டாம் தேதி தொழுகை முடிந்தது. சீட்டை எழுதினேன். கூடையைக் கையில் எடுத்தேன். பாஸிம் கீழே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். கூடையை வைத்துவிட்டு, நானே இறங்கினேன். மூன்று மாடி. இரண்டாவது மாடியில் ஒருமுறை நின்றேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை.

கடைக்குள் போனதும் முஅல்லிம் ராகிப் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன மகளே, அப்பாவ தேடறியா? அவர் பட்டறையிலதான இருப்பாரு."

"யாரையும் தேடல முஅல்லிம். இன்னிக்கு எடை போடறாங்கன்னாங்க."

"அது... ஆம்பளைங்க வெளையாட்டும்மா, சும்மா."

"சும்மான்னா நானும் சும்மா நிக்கிறேன்."

டொமினோ சத்தம் நின்றது. ஷஃராவி கத்தரிக்கோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் கையில் இருந்த சீட்டை வாங்கிப் படித்தார். ஒரு பெயருக்கும் "அல்லாஹ்" விழவில்லை. இடையில் ஒருவர், "இவன் யாருய்யா, மளிகைக் கடைக்காரனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்ணு கேக்கலாமா உஸ்தா?" என்றேன். "பதினாலு பேரும் அவனையே கேப்டனா வச்சிருந்தீங்க. அவன் எத்தன கோல் போட்டாலும் உங்களுக்குள்ள யார் ஒசத்தின்னு எப்படித் தெரியும்?"

"அது பாசம்மா. பாசத்துக்குக் கணக்கு கேப்பாங்களா?"

"பாசத்துக்குத்தான் டீமா? அப்ப எடை எதுக்குப் போடறீங்க?"

"நாக்கப் பாரு! ஹாஸிம் அக்காவா இது? வாயே தெறக்காதேடா அந்தப் பொண்ணு" என்றார் ராகிப், பாதிப் பெருமையாக, பாதிப் பயத்தில்.

ஷஃராவி பலகையில் எழுதினார். ஹாஸிம், மரத்தூள். "வந்ததும் நாற்காலில உக்காரட்டும். அடுத்த எடை வரைக்கும்."

"ஹாஸிம் ஏன் உக்காரணும்? அவன் மணல்ல கெடக்கறான். செப்டம்பர்லேர்ந்து டீம் பாக்கறது நான்."

பாஸிம் தன் தேநீர்க் குவளைக்குள் எதையோ தேடினான்.

"அப்ப நான்தான உக்காரணும்" என்றேன்.

"பொம்பளைங்க இங்க உக்கார்றதில்லம்மா" என்றார் ராகிப்.

"அப்ப மரத்தூள்னு எழுதினத அழிங்க முஅல்லிம். ஒண்ணு அத அழிக்கணும், இல்ல நான் உக்காரணும்."

எல்லோரும் ஷஃராவியைப் பார்த்தார்கள். உனக்குத் தெரியும், அந்த மனிதர் எழுதியதை அழித்ததே இல்லை. தன் சொந்த மருமகனைக்கூட ஒரு வருடம் உட்கார வைத்தவர். நெற்றியைத் தேய்த்தார். "எழுதினது எழுதினதுதான்" என்றார். வேறு வழி அவருக்கு இல்லை.

உட்கார்ந்தேன். வாசலை ஒட்டி, திரைக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து. உலகத்துக்கெல்லாம் நாற்காலி செய்து அனுப்புகிற ஊரில், மூன்று கால் மட்டும் நேராக இருக்கிற அந்த நாற்காலியில். ராகிப் தேநீர் கொண்டுவந்து வைத்தார், யாரும் கேட்காமலே.

அப்பா தெரு முனையிலிருந்து பார்த்தார். கிட்டே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வெள்ளி போனபோது நாற்காலியின் நான்காம் காலுக்கடியில் ஒரு மரத்துண்டு சொருகியிருந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. பீச் மரம். அப்பாவின் பட்டறையில் இந்த மாதம் பீச்தான் இழைக்கிறார்கள்.

பாஸ்வேர்டைப் பாஸிமிடம் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன். நாம் ஏழாவது.

ரீஹாம்


பிப்ரவரி 14, முகாம்

ரீஹாம்,

யாரைக் கேட்டு உட்கார்ந்தாய்? அம்மா போனில் அழுதாள். பதினாறு பேரும் கேட்டார்கள். அதில் ஒருவன் சார்ஜெண்டிடம் சொல்லிவிட்டான்.

மறுநாள் சார்ஜெண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தண்டனைக்குக் குழி தோண்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினார். "உங்கக்கா ஹஸனைன வித்துட்டாங்களாமே?" என்றார். "ஆமா சார், மன்னிச்சிடுங்க" என்றேன். "மன்னிப்பு கெடக்கட்டும். கேப்டனா யார வச்சிருக்காங்க?" என்றார்.

அவருக்கும் ஒரு அணி இருக்கிறது, அக்கா. என் போனைப் பிடுங்கியவருக்கு! வாராவாரம் உன்னைக் கேட்டு எழுதச் சொல்கிறார். நான் கேட்க மாட்டேன். இது கேட்பதாக நினைக்காதே.

ஹஸனைன் திரும்பி வந்துவிட்டான். இனி என்ன சாக்கு? வாங்கு அவனை. பெருநாளுக்கு வருகிறேன். அப்போது பாஸ்வேர்டை நானே எடுத்துக்கொள்கிறேன்.

ஹாஸிம்


மார்ச் 17, தமியாத்

ஹாஸிம்,

சார்ஜெண்டிடம் சொல், பெரிய அணியோடு மோதுகிறவனைக் கேப்டன் ஆக்காதே, பலவீனமானவனோடு சொந்த ஊரில் ஆடுகிறவனை வை என்று. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகவே செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பிப்ரவரி கடைசியில் நான் கேப்டன் ஆக்கியவன் இருபதாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கிப் போனான். மைனஸ் நான்கு. கடையே எழுந்து எனக்குக் கை தட்டியது. "இந்தாம்மா, மரத்தூள் பறக்குது, கண்ண மூடிக்கோ!" என்றார் ஷஃராவி. வீட்டுக்கு வந்து அழுதேன், அவர்களுக்குத் தெரியாது. மறு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன்.

திரையைப் பார்க்க முடியாதல்லவா. அதனால் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, ஆட்டம் பார்க்கிறவர்களைப் பார்க்கிறேன். ஆட்டம் அவர்கள் முகத்தில் நடக்கிறது. பந்து இடப்பக்கம் போனால் ராகிபின் உதடு இடப்பக்கம் போகும். கோலுக்கு முன்னால் பாஸிம் எழுந்து நிற்பான், தவறினால் தன் தொடையிலேயே அடித்துக்கொள்வான். இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்தே யார் உதைத்தது என்று சொல்லிவிடுவேன்.

போன சனிக்கிழமை எல்லா முகமும் ஒன்றாக வெடித்தது. ஹஸனைன். நானும் குதித்துவிட்டேன், நாற்காலி விழுந்தது.

"வித்தவ ஏன் குதிக்கற?" என்றார் ஷஃராவி.

"டீம்லேர்ந்துதான உஸ்தா வித்தேன்" என்றேன். "எங்க ஊர்லேர்ந்து விக்கலயே."

அவர் குனிந்து நாற்காலியை எடுத்து நிறுத்தினார், அதே பக்கம் பார்த்து, திரைக்கு முதுகாகவே. அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

அவனை வாங்கவில்லை. வாங்க மாட்டேன். நாம் நான்காவது. பாஸ்வேர்டை எடுக்க வா, பார்க்கலாம்.

ரீஹாம்


ஏப்ரல் 26, முகாம்

அக்கா,

ஐந்து நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். கஹ்க் பலகாரத் தட்டை நீட்டினாய், எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் அப்பாவின் பிள்ளைகள், என்ன செய்வது.

பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெருநாள் இரண்டாம் நாள் நீ அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது நான் கடைக்குப் போனேன். கட்டிப்பிடித்தார்கள், முத்தம் கொடுத்தார்கள். பிறகு ஷஃராவி தன் போனை என் கையில் திணித்தார். "தெற. இப்பவே அவன வாங்கு. எல்லாரும் பாக்கட்டும்." சுற்றிலும் வட்டம் கட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டை நீ மாற்றியிருப்பாய் என்று நினைத்தேன், மாற்றியிருந்தால் தப்பித்திருப்பேன். பழையதே திறந்துகொண்டது. நீ மாற்றவே இல்லை.

அணியைப் பார்த்தேன். எடுத்தவுடன் பெஞ்சைத்தான் பார்த்தேன், ஏன் என்று கேட்காதே. நால்வரும் வாராவாரம் ஆடுகிறவர்கள். அடுத்த ஐந்து ஆட்டங்களைப் பார்த்தேன். அடிவரை இறக்கினேன், அக்கா. ஈரமும் இல்லை, வண்டும் இல்லை. கோதுமைதான்.

"என்னடா யோசிக்கற, அமுக்கு" என்றான் பாஸிம்.

"அமுக்கத்தான் போறேன்" என்றேன். வேறொன்றை அமுக்கினேன். அணிக்காரர் பெயர் என்று ஓர் இடம் உண்டு, அதில் என் பெயர் இருந்தது. அதை அழித்து உன் பெயரைப் போட்டேன். நீ இந்நேரம் பார்த்திருப்பாய். கடையில் என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். பாஸிம் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மன்னிப்பு கேட்கவில்லை. ஹஸனைனை விற்றது இப்போதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் என் பெயரில் நீ உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சார்ஜெண்ட் தன் லீகில் முதலிடம். உனக்கு சலாம் சொன்னார்.

ஹாஸிம்


மே 25, தமியாத்

ஹாஸிம்,

பெயரைப் பார்த்தது உன் கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு. பார்த்த இடம் எது தெரியுமா? கடைதான். வெள்ளிக்கிழமை ஷஃராவி பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். "ரெண்டாவது எடம்..." என்று நின்றார், இருமினார், மூன்றாவது இடத்துக்குத் தாண்டப் பார்த்தார்.

"பேரப் படி உஸ்தா" என்றார் ராகிப். "எழுதினது எழுதினதுதான்."

படித்தார். ரீஹாம் என்று முழுதாக, சத்தமாக. தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கடைசி ஆட்ட நாளன்று, முதலிடத்தில் இருந்த ஷஃராவிக்கு ஏழு புள்ளி பின்னால் இருந்தேன். மற்றப் பதின்மூன்று பேருக்கும் ஹஸனைன்தான் கேப்டன். அவனை வாங்கியிருந்தால் பின்னால் இருப்பது அப்படியே இருந்திருக்கும், இரண்டு தட்டிலும் ஒரே கல். அதனால் வாங்கவில்லை. ஹஸனைன் இரண்டு போட்டான். என் கேப்டன் கம்பத்தில் அடித்தான், இரண்டு முறை. மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டேன். முதலிடம் ஷஃராவி.

தோற்றேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. மறுபடியும் அதே நாள் வந்தால் அதையேதான் செய்வேன். ஹஸனைனின் இரண்டாவது கோலுக்கு எல்லோரையும்விட உயரமாகக் குதித்தது நான்தான், பாஸிமைக் கேட்டுப் பார். அவன் இப்போது உன்னோடு பேசுவான், ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று எடை. பருவம் முடிந்ததால் இந்த முறை புள்ளியையும் பார்த்து என் அணிக்குப் பீச் எழுதினார்கள். தேக்கு தர ஷஃராவிக்கு மனம் வரவில்லை, எனக்கும் அந்தத் தேக்கு வேண்டாம். மரத்தூள், கடைசி இடத்தில் நின்ற பாஸிமுக்கு. எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"எந்திரிம்மா" என்றார் ராகிப். "இங்க முன்னாடி நல்ல நாற்காலி போட்டிருக்கேன்."

முன்வரிசையில் மெத்தை தைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. துணியால் துடைத்துவேறு வைத்திருந்தார். அந்தக் கடையில் முதல்முறையாக எனக்கென்று ஓர் இடம்.

"பாஸிமுக்கு அதக் குடுங்க முஅல்லிம்" என்றேன். "இது பழகிடுச்சு."

எழுந்தேன். என் நாற்காலியைத் தூக்கினேன். மரத்துண்டையும் எடுத்துக்கொண்டேன். நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்துப் போட்டு, காலுக்கடியில் துண்டைச் சொருகி, உட்கார்ந்தேன். ஷஃராவி பலகையைத் திரும்பிப் பார்த்தார். திரைக்கு முதுகு காட்டுகிறவனுக்கு எந்த நாற்காலி என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பாஸிம் மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். தண்டனை இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை, உன்மேல் இருந்த கோபமும் அதில் போய்விட்டது.

ஆகஸ்டில் வீட்டுக்கு வந்துவிடுவாய். அணியில் உன் பெயரைத் திரும்பப் போட்டுக்கொள், எனக்கு உன்னுடையது வேண்டாம். என்னுடையதை நானே தொடங்குகிறேன். சீட்டு கூடையில் இறங்காது, நானே படிப்பேன். உன் முறை வரும்போது, எல்லோரும் "அல்லாஹ்" சொல்லி ஓய்ந்த பிறகு, நான் ஒன்றே ஒன்று கேட்பேன்.

பெஞ்சில் யார், ஹாஸிம்?

இப்போதிருந்தே யோசித்து வை.

ரீஹாம்